பினாங்கு பீரோ

"கொஞ்சம் ஒதுங்கிக்கிடுங்க மாப்ள," என்றார் என் மாமியார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

மானகிரியில் மாமனார் வீட்டு வாசல். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டெம்போவின் பின்னால் சாக்கு சுற்றிக் கயிறு கட்டிய ஒரு பெட்டி, ஆளை விட ஒரு சாண் உயரம். நாலு பேர் அதைச் சாய்த்துப் பிடித்திருந்தார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மூலையைப் பிடிக்கப் போனேன். அப்போதுதான் அந்த வார்த்தை.

"சின்ன மாப்ள சொல்றபடி எறக்கட்டும். நீங்க இங்குட்டு வந்து நெழல்ல உக்காருங்க. சட்ட அழுக்காயிரும்."

நிழலில் உட்காரச் சொல்வது மரியாதைதான். எனக்கு அது மரியாதையாகப் படவில்லை. அந்த வீட்டில் ஒயர் உள்ள பொருள் எது வந்தாலும் என் கைதான் முதலில் படும். மிக்ஸி, தண்ணீர் மோட்டார், வாசல் மணி, கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போடும் சீரியல் செட் வரைக்கும். எட்டு வருஷமாக அதுதான் வழக்கம். இன்றைக்கு டெம்போ மேல் நின்று "மெதுவா, மெதுவா, கண்ணாடி இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் என் சகலை வின்சென்ட். என் மனைவியின் தங்கை புருஷன்.

சாக்கைப் பிரித்தார்கள். மேலே சீன எழுத்து எழுதிய கண்ணாடிப் பலகை. அதற்குக் கீழே கறுப்புக் கண்ணாடி. அதற்கும் கீழே சாய்வாக ஒரு இரும்புத் தகடு, அதில் சிவப்புக் குண்டு வைத்த இரண்டு கைப்பிடி, ஏழெட்டு பட்டன். வயிற்றுப் பகுதியில் காசு போடும் ஓட்டையோடு ஒரு சின்ன இரும்புக் கதவு. இரண்டு பக்கப் பலகையிலும் நெருப்புக் கக்கும் பறவை நாகம்.

"என்னங்க இது?" என்று என் காதோரம் கேட்டாள் ரோஸ்லின், என் மனைவி.

"கேம் மிஷின்."

"எதுக்கு?"

"ஒன் தங்கச்சி புருசனத்தான் கேக்கணும்."

ஒரு வாசகியின் கடிதம்

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். நாச்சியாபுரத்திலிருந்து ஒரு வாசகி போன மாதம் எழுதியிருந்தார். "உங்கள் தொடரை விடாமல் படிக்கிறேன். எல்லா வாரமும் நீங்கள் நல்லவராகவே இருக்கிறீர்கள். டிவி மெக்கானிக்குகள் எல்லோரும் இப்படித்தானா?" என்று கேட்டிருந்தார்.

கேலிதான். எங்கள் வீட்டு மிக்ஸி ரிப்பேராகி மூன்று மாதமாக நான் தொடாமல் கிடக்கிறது என்பது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ. ஆனால் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் சோறு சரியாக இறங்கவில்லை. எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதை எழுதிவிடுகிறேன். ரோஸ்லின் எப்போதும் எனக்கு முன்னால் இந்தப் பத்திரிகையைப் படித்துவிடுவாள். படிக்கட்டும்.

டிவி கொடுத்த பெண்

காரைக்குடியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என் கடை. ஒரு மேசை, ஒரு மர ஸ்டூல், சுற்றிலும் வயிறு திறந்த டிவிக்கள். கேபிள் டிவி எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு முந்தைய காலம். வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் ஆண்டெனா. காக்கா உட்கார்ந்தால் படம் போய்விடும்.

மானகிரி தலைமையாசிரியர் வீட்டு டிவி ஒரு நாள் படுத்துவிட்டது. பெரிய கலர் டிவி, மரப் பெட்டி, முன்னால் இழுத்து மூடும் கதவு. பையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போனேன். ஒரே ஒரு இடத்தில் சால்டர் பற்று விட்டிருந்தது. ஒரு மணி நேரத்து வேலை. அதை மூன்று நாள் செய்தேன். காப்பி கொண்டுவந்து வைத்த பெண் தம்ளரை வைக்கும்போது சத்தமே வராது. அதுதான் காரணம்.

"பையன் என்ன பொறுமையா வேல பாக்குறான்," என்று வாத்தியார் தன் மனைவியிடம் சொன்னாராம். அந்தப் பொறுமையை நம்பித்தான் பெண்ணைக் கொடுத்தார்கள். என்னுடைய யோக்கியதைக்கு இதுவே முதல் சாட்சி.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த டிவிக்கு நான்தான் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மானகிரி போனால் ஹாலில் கைவைத்த மர நாற்காலி, நேர் மேலே ஃபேன். அது என் இடம். ஆண்டெனாவைத் திருப்ப மாடிக்கு ஏறுவதும் நான்தான். கீழேயிருந்து மாமா, "இன்னும் கொஞ்சோண்டு மாப்ள, அங்குட்டு, அங்குட்டு, ஆங், நிறுத்துங்க," என்பார். கறிக்குழம்பில் நல்லி எலும்பு என் தட்டில் விழும். மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?

சகலை

வின்சென்ட் வந்தான். சிங்கம்புணரியில் ஒரு அலுவலகத்தில் எழுத்தர். ஒல்லி, கண்ணாடி, அதிராத பேச்சு. என்னை "அண்ணே" என்பான். "சகல" என்று தோளில் கைபோட்டிருந்தால் எனக்கு அவனைப் பிடிக்காமல் போக ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

மாப்பிள்ளையாக வந்த முதல் விருந்திலேயே இஸ்திரிப் பெட்டி வேலை செய்யவில்லை என்று பேச்சு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "நான் பாக்கட்டுமா அத்தை?" என்றான். தபாலில் ரேடியோ பாடம் படித்தானாம். சின்ன ஸ்க்ரூ டிரைவரைப் பேனா மாதிரி பிடித்துக்கொண்டு சாப்பாடு பரிமாறுவதற்குள் முடித்துவிட்டான். அன்றைக்கு நல்லி எலும்பு இரண்டு தட்டுக்கும் வந்தது. என் தட்டில் விழுந்தது சின்னது. அளந்து பார்த்தீரா என்று கேட்காதீர்கள். பார்த்தேன்.

பொறாமை என்பது எனக்குக் காய்ச்சல் மாதிரி வரும். காதோரம் சூடாகும், வாய் கசக்கும், ஏதாவது சொல்லிவிடச் சொல்லும். அவன் போஸ்ட் கார்டில் எழுதும் கையெழுத்து, அவன் சட்டையை உள்ளே விடும் விதம், அவன் பெண்டாட்டி ஜெயசீலி அவனைப் பார்க்கும் பார்வை எல்லாவற்றின் மேலும் எனக்குப் பொறாமை. நான் ஆறு வருஷம் ஒரு ரேடியோ கடையில் தரை கூட்டி, திட்டு வாங்கி, விரலைச் சுட்டுக்கொண்டு கற்ற வேலை. அவன் தபால்தலை ஒட்டிக் கற்றுக்கொண்டான்.

தகரத்துக்குப் பதில் தங்கம்

அந்த மிஷின் வந்த கதை இதுதான். செட்டிநாட்டு வீடுகளின் பழைய தூண், கதவு, எனாமல் கூஜா எல்லாம் விற்கும் கடைத்தெருவுக்கு வின்சென்ட் ஒரு தகரப் பெட்டி வாங்கப் போயிருக்கிறான். பினாங்கில் இருந்த கடையை மூடிவிட்டு ஊர் திரும்பிய ஒரு குடும்பம், அங்கிருந்த சாமான்களையெல்லாம் கப்பலில் போட்டு அனுப்பியிருந்தது. அதோடு இதுவும் வந்திருக்கிறது. கடைக்காரர் அது என்னவென்று தெரியாமல், "பினாங்கு பீரோ, சாவி மட்டும் இல்ல," என்று சொல்லியிருக்கிறார். மதுரைப் பொருட்காட்சியில் இதே மாதிரி ஒன்றைப் பார்த்திருந்ததால் இவனுக்கு விளங்கிவிட்டது. தகரப் பெட்டியை விட்டுவிட்டு இதைக் கேட்டிருக்கிறான்.

மிஷின் செத்துப் போயிருந்தது. உள்ளே இருந்த பிக்சர் ட்யூப் வரும் வழியில் கழுத்து உடைந்து காற்று இறங்கிவிட்டது. போர்டு முழுக்கக் கடல் உப்பு. அதற்கு வின்சென்ட் ஒரு யோசனை வைத்திருந்தான். அப்போது டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி வந்திருந்தது. கேசட் சொருகி, கையில் பட்டன் வைத்த பேட் பிடித்து ஆடுவது. அந்தப் பெட்டியை மிஷினுக்குள் வைத்து, பேடில் இருக்கும் பட்டன்களுக்குப் பதிலாக மிஷினின் கைப்பிடியையும் பட்டன்களையும் இணைத்துவிட வேண்டும். வெளியே பினாங்கு, உள்ளே காரைக்குடி பஜார்.

நல்ல யோசனை. எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அதை என்னிடம்தான் முதலில் கேட்டான். ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து, பேடைப் பிரித்து மேசையில் வைத்து, ஒரு பழைய நோட்டீஸின் முதுகில் தான் வரைந்த படத்தையும் விரித்தான். கோடெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தான்.

"அண்ணே, எட்டு பட்டனுக்கும் தனித்தனியா ஒரு ஒயர். எல்லாத்துக்கும் பொதுவா ஒரே ஒரு ஒயர். அவ்வளவு போதுமாண்ணே?"

போதும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. சின்னப் பிள்ளைக்கும் புரியும் வேலை.

"அப்டியெல்லாம் ஓடாது தம்பி. சிப்பு போயிரும். இது விளையாட்டுச் சாமான் இல்ல," என்றேன்.

"விளையாட்டுச் சாமான்தானேண்ணே," என்றான் அப்பாவியாக. பிறகு தன் படத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். இரண்டு வாரத்தில் ஒரு உடைந்த பேடில் சோதித்துப் பார்த்து, ஓடுகிறது என்று கார்டு போட்டான். "நீங்கள் எச்சரித்ததால் கவனமாகச் செய்தேன்" என்று வேறு எழுதியிருந்தான்.

என் டிவியை எடுத்தார்கள்

இனி மிஷினுக்கு ஒரு டிவி வேண்டும். வின்சென்ட் வீட்டில் இடம் போதாது என்று மானகிரி வீட்டு உள் ஹாலில் அதை நிறுத்தியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் பேச்சு வந்தது.

"நம்ம டிவியவே உள்ள வச்சா என்ன?" என்றார் அத்தை.

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன். "அத்தை, அத அப்டியெல்லாம் பிரிச்சா ட்யூப்பு வீணாயிரும்."

"நீங்க எட்டு வருசமாப் பாத்துக்கிட்ட டிவி மாப்ள. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது," என்றார் மாமா. பாராட்டுத்தான். அந்தப் பாராட்டை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார்.

"ஒரு சுவிட்ச்சு வைக்கிறேன் மாமா. அங்குட்டுத் தட்டுனா டிவி, இங்குட்டுத் தட்டுனா கேம்," என்றான் வின்சென்ட்.

மரப் பெட்டியோடு டிவி உள்ளே நுழையவில்லை. பெட்டியைக் கழற்றிவிட்டான். நான் பெண் பார்த்த பெட்டி. அதைக் கொல்லையில் சார்த்தி வைத்தார்கள். கோழி ஏறி உட்கார்ந்தது.

மிஷினின் ட்யூப் மேலே பார்த்தபடி சாய்ந்திருக்கும். தரையில் உட்கார்ந்தால் படம் தெரியாது. அதனால் அந்த வீட்டில் எல்லோரும் நின்றுகொண்டே டிவி பார்க்கத் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமைப் பாட்டு வந்தால் அத்தை பட்டன் தகட்டில் இரண்டு கையையும் ஊன்றி நிற்பார். பக்கப் பலகையில் இருந்த பறவை நாகம் சாத்தான் மாதிரி இருக்கிறது என்று அதன் முகத்தின் மேல் மாதா காலண்டரை ஒட்டிவிட்டார். என் கைவைத்த நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்தால் மிஷினின் முதுகுதான் தெரிந்தது.

மூன்று சொல்

இதற்கெல்லாம் முன்னால், மிஷினைப் பூட்டி முடிப்பதற்கு முந்தின நாள், வின்சென்ட் எனக்கு ஆள் அனுப்பினான். மானகிரி போனேன். "அண்ணே, ஒங்க கண்ணு ஒருக்காப் பட்டாத்தான் எனக்குத் திருப்தி. உள்ள பாத்துச் சொல்லுங்க," என்றான். பின்கதவைத் திறந்துவிட்டு, "காப்பி கொண்டாறேன்," என்று அடுப்படிக்குப் போனான்.

தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். வேலை சுத்தமாக இருந்தது. ஒயர்களைக் கூந்தல் மாதிரி சேர்த்து நூலால் கட்டியிருந்தான். என் வாழ்நாளில் நான் அப்படிக் கட்டியதில்லை. காதோரம் சூடாகியது.

அப்புறம் கண்ணில் பட்டது அது.

தொழில் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அந்தக் காலத்துப் பல டிவிக்களில் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமும் வீட்டுக் கரண்டும் சேர்ந்துதான் இருக்கும். இரண்டு முள் ப்ளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் சட்டத்தில் ஒன்றும் தெரியாது. அதையே திருப்பிச் செருகினால் சட்டம் முழுக்கக் கரண்ட். அதனால்தான் மரப் பெட்டிக்குள் வைத்து, முதுகை மூடி, யார் கையும் படாமல் வைத்திருப்பார்கள். தபால் பாடத்தில் இது வராது. ஒரு தடவை வாங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் வாங்கியிருக்கிறேன்.

வின்சென்ட் அந்தச் சட்டத்தை ஒரு இரும்பு ஆங்கிளில் முடுக்கியிருந்தான். ஆங்கிளை முன்பக்கத்துப் பட்டன் தகட்டில் முடுக்கியிருந்தான். நடுவில் மரமும் இல்லை, ரப்பரும் இல்லை.

சட்டைப் பையிலிருந்து கரண்ட் பார்க்கும் டெஸ்டரை எடுத்துத் தகட்டில் வைத்தேன். எரியவில்லை. ப்ளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகி, மறுபடி வைத்தேன். டெஸ்டருக்குள் அந்தச் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. மறுபடியும் பிடுங்கிப் பழையபடி செருகினேன்.

"எப்டியிருக்குண்ணே?" வின்சென்ட் தம்ளரோடு நின்றான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

அவன் கொடுத்த காப்பி ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. அப்போது அதை நான் யோசிக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவன் சாக வேண்டும் என்றா? இல்லை. என்றைக்காவது அவன் கையால் ப்ளக்கை மாற்றிப் போட்டு, நாலு பேர் பார்க்க ஒரு உதறு உதற வேண்டும். "பெரிய மாப்ளயக் கூப்புடுங்க" என்று யாராவது சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. செருகியிருக்கும் ப்ளக்கை யார் எடுக்கப் போகிறார்கள், சுவரில் சுவிட்ச் இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். பத்து நாள் அத்தை அந்தத் தகட்டில் கை ஊன்றி நின்று டிவி பார்த்தார். அந்தப் பத்து நாளும் கடையில் நான் சுட்டுக்கொள்ளாத விரல் இல்லை.

திருவிழா

மாதா திருவிழா வந்தது. பூசை முடிந்து பங்குச் சாமியாருக்கு மாமா வீட்டில்தான் விருந்து. வந்தவுடன் மிஷினை மந்திரித்து ஆசீர்வதிக்க வேண்டும் என்று அத்தை கேட்டுக்கொண்டார். எங்கள் பக்கத்தில் சைக்கிள் வாங்கினாலும் மந்திரிப்போம், கிணறு தோண்டினாலும் மந்திரிப்போம். உள் ஹால் இருட்டு என்று முன் ஹாலுக்கு மிஷினை இழுத்து வந்தார்கள்.

நான் ரோஸ்லினோடு உள்ளே நுழையும்போது மிஷின் முன் ஹாலில் நின்றது. ப்ளக் வேறு சுவரில் இருந்தது. மாமா செருகி, சுவிட்ச்சையும் போட்டிருக்கிறார். எந்தப் பக்கமாகச் செருகினார் என்று அவருக்கே தெரியாது.

திருவிழாவுக்காகக் கழுவிவிட்ட ஆத்தங்குடிக் கல் தரை இன்னும் காயவில்லை. செருப்பு எல்லாம் வாசலில். வீடு நிறையச் சொந்தக்காரர்கள், எல்லோரும் வெறுங்காலோடு. உபதேசியார் தீர்த்தச் சொம்பைப் பிடித்திருக்க, சாமியார் செபம் சொல்லித் தெளித்தார். தாராளமான கை அவருக்கு. என் முகத்திலும் விழுந்தது. பட்டன் தகட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

இப்போது வின்சென்ட் முன்னால் போவான் என்று நினைத்தேன். ஒரு உதறு. அவ்வளவுதான். ஆனால் தரை இவ்வளவு ஈரமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லையே.

"மூத்த மாப்ள கை வச்சு ஆரம்பிக்கட்டும்," என்றார் மாமா.

"ஆமா, அண்ணேதான் மொதல்ல," என்றான் வின்சென்ட். இடுப்பில் அவனுடைய மூன்று வயது மகள் ஷெரின். "அவுகதான் உள்ள பாத்து நல்லா இருக்குன்னு சொன்னாக."

கூட்டம் வழிவிட்டது. இத்தனை மாதமாக நான் ஏங்கிக் கிடந்த மரியாதை அது. என்னைத் தவிர அந்த ஹாலில் எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

டெஸ்டர் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்தால் "எதுக்கு மாப்ள?" என்பார்கள். நல்லா இருக்கு என்று சொன்னவனுக்கு இப்போது என்ன சந்தேகம் என்பார்கள். வேட்டியைச் சரிசெய்தேன். தொண்டையைச் செருமினேன். இரண்டு எட்டு வைத்தேன், நின்றேன்.

"நானு, நானு," என்று குழந்தை அப்பன் இடுப்பிலிருந்து எக்கியது. சிவப்புக் குண்டைப் பிடிக்க அதன் கை தகட்டுக்கு மேலே நீண்டது.

அதற்கு முன்னால் என் புறங்கையைத் தகட்டில் வைத்துவிட்டேன்.

இதைத் தியாகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். "தொடாதீக" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தை அப்போதும் என் வாயில் வரவில்லை. சொன்னால் எனக்கு முன்பே தெரியும் என்பது தெரிந்துவிடும். கையைக் கொடுப்பது எனக்கு அதைவிடச் சுலபமாக இருந்தது.

நாற்காலி

தோள் வரைக்கும் யாரோ கட்டையால் அடித்தது போல இருந்தது. மற்றது எனக்குத் தெரியாது. கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். முழங்கை கல்லில் மோதிச் சிராய்ந்திருந்தது. வின்சென்ட் ப்ளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கீழே போடக்கூடத் தெரியாமல் நின்றான். குழந்தை அழுதது. ரோஸ்லின் என் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

என்னைத் தூக்கி அந்தக் கைவைத்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஃபேனை முழு வேகத்தில் வைத்தார்கள். யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள்.

"ஒங்களுக்கு எதுக்கு சின்ன மாப்ள இந்த வேல?" அத்தை ஷெரினை இழுத்து அணைத்துக்கொண்டார். "தெரிஞ்சவுகட்ட விட்டுருக்கலாம்ல. பெரிய மாப்ள தொட்டதுனால தப்பிச்சோம். பிள்ள தொட்டுருந்தா?"

இந்த வார்த்தைகளைக் கேட்கத்தான் நான் இவ்வளவும் செய்தேன். கேட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இனித்தது. அரை நிமிஷம் இனித்தது. அப்புறம் வின்சென்ட்டைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான். சாமியார், "நடந்தது நடந்துபோச்சு, வாங்க சாப்பிடலாம்," என்று பேச்சை மாற்றினார். வின்சென்ட் பந்திக்கு வரவில்லை. நல்லி எலும்பு எனக்கு வந்தது. பெரியது.

மறுநாள் அவனே எல்லாவற்றையும் கழற்றினான். கோழி எச்சத்தைக் கழுவி, டிவியை நான் பழைய மரப் பெட்டியில் பூட்டினேன். நடுவில் இரண்டு மரத்துண்டு, நாலு ரப்பர் வாஷர் வைத்திருந்தால் அந்த மிஷின் பல வருஷம் ஓடியிருக்கும். பத்து நிமிஷத்து வேலை. அவன் என் பக்கத்தில் நின்று ஸ்க்ரூவை எடுத்து எடுத்துக் கொடுத்தான். நான் அதையும் சொல்லவில்லை.

பிக்சர் ட்யூப் இருந்த பள்ளத்துக்குப் பலகை அடித்து, அத்தை அந்த மிஷினில் இஸ்திரி போட்ட துணிகளை அடுக்கினார். பழைய சாமான் கடைக்காரர் சொன்னபடி அது பீரோவே ஆகிவிட்டது. வின்சென்ட் அதற்குப் பிறகு சால்டரிங் இரும்பைத் தொடவில்லை. பல்பு மாற்றக்கூட எனக்குத்தான் சொல்லி அனுப்புவான்.

ஆறிய காப்பி

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் வின்சென்ட் கடைக்கு வந்தான். கூட ஷெரின். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அவளே ஒரு மேசை விளக்கு செய்திருந்தாள். தகரத்தை வளைத்து, உள்ளே பல்பு வைத்து, இரண்டு முள் ப்ளக் மாட்டியது. ஒயர்களைச் சேர்த்து நூலால் கட்டியிருந்தாள்.

"உள்ள பாத்துச் சொல்லுங்க பெரியப்பா," என்றாள்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒயர் தகரத்தில் உரசும் இடத்தில் ரப்பர் கொடுத்திருந்தாள். குறை ஒன்றும் இல்லை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தைகள் எனக்கே காதில் விழுந்தன.

வின்சென்ட் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"பெரியப்பா சொன்னாச் சரியாத்தாம்மா இருக்கும். இருந்தாலும் ப்ளக்கத் திருப்பிப் போட்டு, ஒருக்கா டெஸ்டர் வச்சுப் பாத்துக்க."

மானகிரி வீட்டு அடுப்படியிலிருந்து உள் ஹாலுக்குப் பத்து எட்டுதான். காப்பி ஆறுகிற தூரம் இல்லை. அன்றைக்கு அவன் தம்ளரோடு வந்து வாசற்படியில் நின்று, நான் ப்ளக்கைத் திருப்பியதையும் டெஸ்டர் எரிந்ததையும் பார்த்திருக்கிறான். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே நின்றிருக்க மாட்டான். பிறகு எப்போதோ விளங்கியிருக்கிறது. விளங்கிய பிறகும் மாமாவிடம் சொல்லவில்லை, அத்தையிடம் சொல்லவில்லை, தன் பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜெயசீலி என் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பாள்.

என்னால் அப்படி ஒன்றை ஒரு வாரம் உள்ளே வைத்திருக்க முடியாது. அன்றைக்கும் எனக்கு அவன்மேல் பொறாமைதான் வந்தது.

சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் ப்ளக்கைத் திருப்பிச் செருகி, டெஸ்டரைத் தகரத்தில் வைத்தாள். நானும் வின்சென்ட்டும் குனிந்து அதற்குள் இருந்த சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எரியவில்லை.